தாய்த் தவளையின் கட்டுச்சோறு

என் மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் "ஆங், நல்லா இருக்கன்ம்மா" என்பாய். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இன்று நம் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. பக்கத்துக் கொட்டகையில் நம் எட்டுத் தறிகளும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. இந்த வீட்டில் இவ்வளவு அமைதி இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. முன்னறையில் உன் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். என்னோடு பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை. நான் அடுக்களையில் அரிசி டிரம்மின் மூடிமேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான், நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். நாள் முழுக்க ஆராய்ச்சிக்கூடத்தில் தவளை முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவனுக்குப் பெற்றவளுடைய நாலு பக்கம் பெரிய காரியமில்லை.

உன் மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு நான் அவனுக்குச் செய்திருக்கும் காரியம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் அப்பா போனபோது நீ ஆறாம் வகுப்பு. தறிகளை விற்றுவிட்டு பிறந்த வீட்டோடு போய்விடு என்று சொன்னவர்கள்தான் அதிகம். என் தம்பி மட்டும் ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் மொபெட்டில் வந்தான். தன் வீட்டுத் தறியைத் தன் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு, நம் தறிகளுக்கு எண்ணெய் விட்டு, பாவு ஏற்றி, நூல்காரரிடம் எனக்காகச் சண்டை போட்டு, நான் தறி பழகும்வரை நின்றான். ஒரு நாளாவது "நான் செஞ்சன்" என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவன் மகள் லாவண்யாவுக்குப் பெயர் வைத்த அன்று, குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு, "இது எங்க வூட்டு மருமவ, இப்பவே சொல்லிட்டன்" என்றேன். அப்போது உனக்கு நடை பழகி ஓடுகிற வயது. தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நம் பக்கத்தில் அக்காவும் தம்பியும் இப்படிச் சொல்லிக்கொள்வது புதிதா என்ன? ஆனால் அவன் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

நீ எப்போதுமே நல்ல பிள்ளை. அதுதான் வினையே. உனக்குத் திருத்தணி மலையில் மொட்டை போட்ட நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. சுற்றிலும் பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் மாமா மடியில் தலையைக் குனிந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாய். "இன்னா சமத்து பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தனம் பூசும்போதுதான் பார்த்தேன், காதுக்குப் பின்னால் கத்தி பட்டு ரத்தம் வழிந்திருந்தது. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "குனிஞ்சிக்கினு இருன்னு சொன்னியேம்மா" என்றாய். அதையும் நான் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் வளர்க்கிறவளுக்கு வேலை மிச்சம். சத்தம் போடாத பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போதுதான் தெரிகிறது.

தை மாதம் நீ ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தாய், உனக்கும் லாவண்யாவுக்கும் தாம்பூலம் மாற்றினோம். அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தபோது மாமா உன்னைச் சீண்டினான். "மாப்ள, அங்க போயி அப்பிடி இன்னாதான்டா பண்ற? தவளைய அறுத்துகினு இருக்கியாமே, ஊர்ல கேக்கறவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" நீ சிரித்துக்கொண்டே லேப்டாப்பை டி.வி.யில் மாட்டினாய். நீ அந்த லீவில் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். திரையில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக ஒரு உருண்டை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன்மேல் ஒரு கோடு விழுந்தது. கோடு பள்ளமாகி, உருண்டை இரண்டாயிற்று. இரண்டு நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில், ஒன்றுகூடப் பிந்தாமல். மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"டிரில் மாஸ்டர் வெச்சா மாதிரி பண்ணுதே! யார்டா விசில் ஊதறது இதுக்கு?"

"யாரும் ஊதல மாமா. உள்ளயே ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமா சேந்துகினே வரும். ஒரு அளவுக்கு சேந்துட்டா முட்ட பிரியும். பிரியற சமயத்துலயே அந்த புரதம் மொத்தமும் அழிஞ்சிடும். மறுபடி மொதல்ல இருந்து சேரும். சேரும், பிரியும், அழியும். அதான் அதுக்கு கடிகாரம்."

லாவண்யா சமையலறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவா, துண்டு துண்டா ஆவுது, ஆனா மொத்தமா பெருசாவலயே?" என்றாள். நல்ல கேள்வி என்று உன் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நீ அவளைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்த்துத்தான் பதில் சொன்னாய். "வளர்றதுக்கு நேரமே இல்ல. சாப்பாடும் கெடையாது. அம்மா தவள முட்டைக்குள்ள வெச்சி அனுப்ச்ச சரக்குலயே ஓடுது. இத பண்ணு, அத பண்ணுன்னு சொல்ற தகவல்கூட அம்மா எழுதி வெச்சதுதான். குட்டியோட மரபணு அப்ப வாயே தொறக்காது."

எனக்குத் தறிக்காரி புத்தி. எது ஓடினாலும் அது எப்படி நிற்கும் என்றுதான் முதலில் கேட்பேன். "நடுவுல ஏதாச்சும் கெட்டுப்போனா? நூல் அறுந்தா தறி தானா நிக்குதே, அந்த மாதிரி ஒண்ணும் இல்லியா அதுக்கு?" என்றேன். "அதான்ம்மா விசேஷம். இந்த சமயத்துல அது நிக்கவே நிக்காது. உள்ள டி.என்.ஏ. நகலாவறத மருந்து போட்டு தடுத்தாகூட, முட்ட அது பாட்டுக்கு பிரிஞ்சிகினே போவும். சரியா இருக்குதான்னு பாக்க ஆளே இல்ல" என்றாய். நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் நிறுத்துவதற்கென்று ஒரு சின்ன முள் இருக்கிறதே, அது சும்மா சும்மா நிறுத்துகிறது என்று ஒரு தீபாவளி அவசரத்தில் உன் மாமா அதைக் கழிவு நூலால் இழுத்துக் கட்டிவிட்டான். நான் கோயிலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், நாடா நூல் தீர்ந்த வெறும் தார்க்குச்சியோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அச்சு அடித்துக்கொண்டிருக்கிறது, லுங்கித் துணி நடுவில் ஊடையே இல்லாமல் வலைபோல நெடுக்கு நூலான பாவு மட்டும் சுருண்டுகொண்டிருக்கிறது. "உன் தவள முட்டையிலயும் எவனோ முள்ள கட்டி வெச்சிட்டான்டா" என்றான் மாமா. வீடே சிரித்தது.

நீ உற்சாகத்தில் இன்னும் சொன்னாய். "உட்கருவையே எடுத்துட்டாகூட பாருங்க, அந்த முட்ட பிரியாது. ஆனா நேரம் வந்தா மேல்தோல் இறுகும். அப்பறம் தளரும். அடுத்த நேரம் வந்தா மறுபடியும் இறுகும். உள்ள ஒண்ணும் இல்லன்னு அதுக்கு தெரியாது." இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது ஏன் என்று விளங்கவில்லை.

"இது எத்தினி நேரம் இப்பிடியே ஓடும்?" என்று மாமா கேட்டான். பன்னிரண்டு தடவை பிரியும் வரை என்றாய். ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது, அம்மா வைத்த சரக்கு மட்டும் ஏறுவதில்லை. நூல் விறைக்கப் பாவுக்குத் தடவும் கஞ்சியை ஒரே பானையிலிருந்து மேலும் மேலும் இழுத்தால் ஒரு கட்டத்தில் போதாமல் போகுமே, அப்படி அந்தச் சரக்கு போதாமல் போகும் இடத்தில் ஓட்டம் தளரும் என்றாய். அங்கேதான் குட்டியின் மரபணு வாய் திறக்கும், ஒவ்வொரு செல்லும் தனக்கென்று நேரம் எடுத்துக்கொள்ளும், கெட்டிருந்தால் கண்டுபிடித்து நிற்கும் என்றாய். மாமா தொடையில் தட்டினான். "அதான்டா பெரியவங்க சொன்னாங்க, கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தினி நாளைக்கின்னு!" அப்போது லாவண்யா மெதுவாகக் கேட்டாள். "அதுக்கு முன்னாடியே கெட்டுப் போயிருந்தா, பாவா?" நீ ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாய். பிறகு, "அங்க வந்துதான் தெரியும். சில கரு அங்கயே செத்துடும்" என்றாய். நல்ல நாளும் அதுவுமாகச் சாவுப் பேச்சு எதற்கு என்று அவள் அம்மா சேனலை மாற்றச் சொல்லிவிட்டாள்.

நீ திரும்பிப் போனாய். கல்யாண வேலை தொடங்கியது. தொடங்கியது என்றால், ஒருவர் தொடங்கி இன்னொருவர் நடத்தியது இல்லை. தாம்பூலம் மாற்றியாயிற்று, அதனால் மண்டபம். மண்டபம் கிடைத்துவிட்டது, அதனால் தேதி. தேதி வந்துவிட்டது, அதனால் சமையல்காரர், மேளம், நகை. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு அடுத்ததைப் பெற்றுப் போட்டது. யாரும் நின்று, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய ஆள் நான். நானும் ஓடினேன். ஒவ்வொன்றுக்கும் உனக்குப் போன் செய்தேன். மண்டபம் திருத்தணியிலேயே இருக்கட்டுமா? ஆங்ம்மா. பெண் அழைப்பு முந்தின நாள் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமா? ஆங்ம்மா. உனக்குச் சட்டை அங்கே எடுக்கிறாயா, இங்கே எடுக்கவா? உன் இஷ்டம்ம்மா. தங்கமான பிள்ளை, எதற்கும் மறுப்பே இல்லை என்று மாமாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மேளக்காரர் வந்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வேண்டுமா, குதிரை வேண்டுமா என்று உன்னைக் கேட்கப் போன் போட்டேன். ஏனோ நாக்கில் குறும்பு வந்து உட்கார்ந்தது. "டேய், குதிரைக்கி பதிலா உன்ன ஒரு பெரிய தவள மேல ஏத்தி கூட்டியாரலாம்னு இருக்கோம், சரியா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "இன்னாம்மா?" என்று கேட்கவும் இல்லை. "ஆங்ம்மா, உன் இஷ்டம்" என்றாய். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். நேரம் வந்ததும் இறுகி, நேரம் வந்ததும் தளர்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாத அந்த முட்டை ஞாபகத்துக்கு வந்தது. என் மகனுக்கு இத்தனை நாளாக நான் போன் செய்யவில்லை, அவன் மேல்தோலுக்குச் செய்திருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துபோனேன் கண்ணு. என் வயிற்றில் பிறந்த பிள்ளை, அவனுக்குள் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

மறுநாளே ரவிக்கை அளவு வாங்கப் போகிறேன் என்று ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினேன். லாவண்யா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்து அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "அவன் உங்கிட்ட பேசறானாடி?" என்றேன். "தினமும் பேசறாரு அத்த. மழ பெய்தான்னு கேக்கறாரு. இல்லன்றன். சரின்னு வெச்சிடறாரு. இந்த வருசம் இங்க மழயே கெடையாது அத்த, அவரு தினமும் அதத்தான் கேக்கறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கண் கலங்கிவிட்டது. "எனக்கு பாவாவ புடிக்கும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டன். ஆனா கூப்ட்டா திரும்பி பாக்காதவருகூட எப்பிடி அத்த குடும்பம் நடத்தறது? நான் வேணாம்னு சொன்னா நைனா உசுர வுட்டுடுவாரு. உங்களுக்கு குடுத்த வாக்குன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்காரு. நீங்க நிறுத்துங்க அத்த. நீங்க சொன்னா நைனா மறுபேச்சு பேச மாட்டாரு." எனக்குக் கோபம்தான் வந்தது. பேச வேண்டியவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? கோபத்தை அவளிடம் காட்ட முடியுமா? அளவும் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

வந்தால் வீட்டில் புடவை. உனக்குத் தெரியும், நம்மில் வரப்போகிற மருமகளின் முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டில்தான் நெய்ய வேண்டும். எத்தனை பவர்லூம் ஓடினாலும் அந்த ஒரு புடவைக்குக் கைத்தறி, அதுவும் மாப்பிள்ளையின் அம்மா கையால். பாவு ஏற்றிவிட்டால் புடவை முடிந்து இறங்கும்வரை கத்திரிக்கோல் படக் கூடாது. நடுவில் பாவை அறுத்தால் கல்யாணத்தை அறுத்ததற்குச் சமம். நான் தறியில் உட்கார்ந்த அன்று விருந்துக்கு வந்த உறவில் ஒருத்தி, தாலி இழந்தவள் முகூர்த்தப் புடவை நெய்யலாமா என்று ஜாடையாகக் கேட்டாள். உன் மாமா பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டான். "எங்கக்கா நெய்ஞ்சாதான் எம் பொண்ணு கட்டுவா. இல்லன்னா அவ கட்டிகினு இருக்கற துணியோட மணையில ஒக்காருவா" என்றான். அந்தப் புடவை, மகனே. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. லாவண்யாவின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நானே நூலுக்குச் சாயம் சொல்லி வாங்கினேன். அவள் வீட்டிலிருந்து வந்தபிறகும் அதில் உட்கார்ந்து நெய்தேன். வேண்டாம் என்று மனசு சொல்கிறது, கால் மிதிக்கிறது, கை நாடாவை எறிகிறது.

அந்த நாட்களில் நீ எப்போதோ சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விந்தணு வந்து தொடும்வரை அந்த முட்டை பாதிப் பிரிவிலேயே நிற்குமாம். முடிக்கவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது, உள்ளே ஏதோ ஒன்று பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்குமாம். நான் அப்படித்தான் இருந்தேன். நிறுத்தினால் தம்பி போய்விடுவான். எனக்கென்று இருக்கும் ஒரே பிறந்த வீடு அவன். நிறுத்தாவிட்டால் அந்தப் பெண் ஆளில்லாத வீட்டில் குடித்தனம் செய்வாள், நீ ஆங் ஆங் என்றபடி கிழவனாவாய். உன்னிடம் நேராகக் கேட்கலாம் என்றால், கேட்டால் நீ என்ன சொல்வாய்? "உன் இஷ்டம்ம்மா." தெருவில் யாராவது "கல்யாண வேலை எப்பிடி போய்கினு இருக்குது?" என்று கேட்டால், "முருகன் புண்ணியத்துல நல்லா போவுது" என்று சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பெருமூச்சு விட்டேன். கதவுக்கு வெளியேயும் வழியில்லை, உள்ளேயும் வழியில்லை.

இன்று காலை மாமா வருவதாக இருந்தது. முதல் பத்திரிகையை மலைக்கு எடுத்துப் போய்ச் சாமி பாதத்தில் வைக்க வேண்டும். அங்கே வைத்துவிட்டால் பிறகு அது மனிதர் காரியம் இல்லை, சாமி காரியம். கரண்ட் போனதும் கொட்டகை அடங்கியது. அந்த அமைதியில் நான் கைத்தறிக்கு முன்னால் போய் நின்றேன். யோசித்து முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய். அலமாரியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன், பாவை அறுத்தேன். இறுக்கமாக நின்ற இழைகள் கத்தி படப்படத் தளர்ந்து சரிந்தன. நான் அழவில்லை. பல நாட்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

மாமா வேட்டி சட்டையும் பூக்கூடையுமாக உள்ளே வந்தான். தறியைப் பார்த்தான். கூடையைக் கீழே வைத்தான்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகிற?"

"அறுத்துட்டன்டா."

"எலி கடிச்சிடுச்சா? பரவால்ல, புணச்சிக்கலாம்க்கா, யாருக்கும் தெரிய வேணாம்..."

"எலி இல்ல. நான்தான். தெரிஞ்சேதான் அறுத்தன்."

அவன் குனிந்து அறுந்த இழையொன்றை எடுத்துப் பார்த்தான். "ஏன்?" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. என் மகன்மேல் தப்பில்லை, உன் மகள்மேல் தப்பில்லை, ஜாதகம் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம் என்று ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அவன் கேட்டும் இருப்பான். "நீ சொல்லிடுக்கா. நீ வேணாம்னா வேணாம். உன் வாயால சொல்லு, நான் இப்பவே மண்டபத்துக்கு போன் பண்றன்" என்று அவனே சொன்னான். எவ்வளவு சுலபம் பார். ஒரு வார்த்தை. உனக்கும் விடுதலை, அந்தப் பெண்ணுக்கும் விடுதலை.

நான் சொல்லவில்லை. நான் சொல்லிக் கல்யாணம் நிச்சயமானது. நான் சொல்லிக் கல்யாணம் நின்றால், நீ இன்னும் என் கட்டுச்சோற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். நாளைக்கு இன்னொரு பெண்ணைக் காட்டினால் அதற்கும் ஆங் சொல்வாய். எனக்குப் பிறகு யார் எதைக் காட்டினாலும் சொல்வாய். "என் கையால நடந்துகினு இருந்தத நான் நிறுத்திட்டன். அவ்வளோதான் எம் பங்கு. வேணுமா வேணாமான்னு அவன் சொல்லுவான்" என்றேன். மாமாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அவனா? அவன் என்னிக்கி இன்னா சொல்லிகிறான்? ஏன்க்கா, உன் வூட்டுக்காரரு போனப்போ நான் வந்து நின்னனே..." என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். சொல்லாமலே காத்து வைத்திருந்ததைச் சொல்ல வைத்துவிட்டேனே என்று எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகுதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அப்போதிலிருந்து அங்கேயேதான் இருக்கிறான்.

இனி உன் வேலை. நான் உன் மனசில் இருப்பதாக நினைத்து எழுதியதெல்லாம் தப்பாகக்கூட இருக்கலாம். ஊர் பழக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு மழையைப் பற்றியே பேசியிருக்கலாம் நீ. லாவண்யாதான் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், நான் இழை இழையாகப் பாவைப் புணைத்து மறுபடி தறியில் உட்காருகிறேன், ஊர் என்ன பேசினாலும் பேசட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். காரணமும் சொல். வேறு ஒருத்தி இருந்தால் அதையும் சொல், யாருமே வேண்டாம் என்றால் அதையும் சொல். மாமா திட்டுவான். திட்டட்டும், அது அவனுக்கு நாம் தர வேண்டிய மரியாதை. நீ ஓடிப்போய் ஒளிந்தால்தான் அவனுக்கு அவமானம். பிறகு லாவண்யாவுக்கும் நீயே போன் செய். மழையைக் கேட்காதே. அம்மா சொன்னாங்க என்று மட்டும் எந்த வாக்கியத்தையும் ஆரம்பிக்காதே. என் பெயரை நீ எடுத்தாய் என்று கேள்விப்பட்டால் இத்தனை தூரத்திலிருந்தும் உன் காதைத் திருகுவேன். என் தம்பி எனக்கு மிஞ்சுவானா என்பதைப் பற்றி நீ கவலைப்படாதே. அதை நானும் அவனும் பார்த்துக்கொள்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு தடவை அடுக்களை வாசலுக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு, "அவன் பண்ணுவானாக்கா? எனக்கு பண்ணுவானா?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். "பண்ணுவான், ஒக்காரு" என்றேன். உன்னைக் கேட்காமல், உன் பெயரில் நான் கொடுக்கும் கடைசி வாக்கு அது. இனி ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். மாமாவுக்குக் காபி போடப் பால் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா